மகால் தூணைக் கட்டிப்பிடிக்க மூன்று பேர்

நெய்வேலி,
5-2-1985

மதுரை பந்தடித் தெரு வீட்டின் முன்பாதிக்குச் சொந்தக்காரரும், ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தாவும், என் அக்காள் பொன்னம்மாளுக்குத் தாலி கட்டிய வகையில் எனக்கு மச்சானும் ஆகிய திரு. கருப்பசாமி அவர்களுக்கு, அதே வீட்டின் பின்பாதிக்குச் சொந்தக்காரனும் அங்கே கால் வைக்க வழியில்லாதவனும் ஆகிய கருணாகரன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் விஜயகுமாரியும் சுகம். அங்கே அக்காளையும் பாப்பாவையும் மீனாட்சி ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாளாக. தங்கள் சுகத்தையும் விசாரிப்பதுதான் கடித மரியாதை என்பதால் விசாரித்துவிட்டேன். பதில் வேண்டியதில்லை. பத்து நாள் முன்புதான் நேரில் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறீர்கள்.

குடியரசு தின லீவில் நடந்ததை இந்நேரம் தாங்கள் பந்தடி முழுவதும் சொல்லி முடித்திருப்பீர்கள். அந்தக் கதையில் நான் சமாதானம் பேச ஓடி வந்தவனாகவும், தாங்கள் பெரிய மனது பண்ணி என்னை ஏற்றுக்கொண்டவராகவும் இருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே என் தரப்பையும் எழுதிவைக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாப்பாவின் கல்யாணத்தில் நான் தாய்மாமனாக நின்று மாலை போடுவதாக இல்லை. தாய்மாமன் வீட்டுக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைத்து நேரில் வந்து கொடுப்பது வழக்கம். எனக்கு அது புக் போஸ்ட்டில் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது உண்மைதான். ஒரு மூலை மஞ்சளின் மேல் தபால் முத்திரை விழுந்திருந்ததும் உண்மை. அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. "போஸ்ட்ல வந்தா என்ன, கல்யாணம் மண்டபத்துலதான நடக்குது" என்றாள் விஜயகுமாரி. ராத்திரிச் சாப்பாட்டின்போது மறுபடி ஆரம்பித்தாள். "மணவறையில அந்தப் புள்ள நிக்கிறப்ப, பொண்ணோட மாமன் எங்கன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேப்பாங்க. அப்ப அது மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கும்? உங்களுக்கும் அண்ணனுக்கும் சந்துச் சண்டைன்னா அதுக்கு அந்தப் புள்ளயா கெடச்சுது?" என்றாள். நான் தட்டை நீட்டினேன். பதில் இல்லாததால் அல்ல. குழம்பு அவள் கையில் இருந்தது.

இப்படி இருக்கையில் வெர்னர் வந்து சேர்ந்தார். இவர் ஜெர்மன்காரர், இன்ஜினியர். புதுச் சுரங்கத்தில் மேல்மண்ணை வாரி எறிவதற்கு அவர்கள் நாட்டு ராட்சத இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. அதை ஓட்டிக் காட்ட வந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், அகலமும் அதற்குக் குறைவில்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்ததும், பழைய ஊர் ஒன்றைப் பார்க்க வேண்டும், கூட வர விஷயம் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எங்கள் மேலதிகாரி என் பெர்சனல் ஃபைலைப் புரட்டி, 'பி.ஏ. சரித்திரம், முதல் வகுப்பு, சொந்த ஊர் மதுரை' என்று கண்டுபிடித்தார். பிரமோஷன் சமயத்தில் மட்டும் அந்த ஃபைல் யார் கைக்கும் அகப்படுவதில்லை. சிதம்பரம் பக்கத்தில் இருக்கிறதே என்றேன். போன வாரமே பார்த்தாயிற்றாம். தஞ்சாவூர் என்றேன். அதுவும் ஆயிற்றாம். மதுரை என்று விதி எழுதியிருந்தால் சுரங்கத்துக்குள் போய் ஒளிந்தாலும் விடாது.

விடியற்காலையில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் சாமிக்கண்ணு வளையமாதேவிக்காரர். வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டினால் வண்டி நின்றுவிடும் என்று நினைக்கிறவர். "சார், வெள்ளைக்காரரு எப்பவோ எழுந்து குளிச்சிட்டு ஒக்காந்துகினு இருக்காருங்க, உங்க வூட்லதான் இன்னும் வெளக்கே எரியல" என்றார். விருத்தாசலம் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், "மதுரைல உங்களுக்கு யாருங்க இருக்காங்க?" என்றார். யாருமில்லை என்றேன். "அப்ப அந்தப் பை நெறய முந்திரி யாருக்குங்க?" காடாம்புலியூரில் சொல்லிவைத்து வாங்கிய முழு முந்திரி அது. வெர்னர் வழியில் கொறிப்பதற்கு என்றேன். சாமிக்கண்ணு திரும்பி வெர்னரை ஒரு முறை பார்த்தார். "அவ்வளத்தயும் தின்னா மதுரை போய்ச் சேர மாட்டாருங்க" என்றார். அந்தப் பை பிற்பாடு தங்கள் வீட்டு அடுக்களைக்குள் எப்படிப் போயிற்று என்பது எனக்குத் தெரியாது. மறந்து வைத்திருப்பேன்.

மச்சான், நான் மதுரையில் பிறந்து வளர்ந்து, கல்லூரி படித்து, கேஸ் நடத்தித் தோற்றவன். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் தெற்குக் கோபுரத்துக்குக் கீழே அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அண்ணாந்து நின்றபோது, நான் அந்தக் கோபுரத்தை அதன் நிழலைக் கொண்டு மட்டுமே அறிவேன் என்பது தெரிந்தது. வெயிலில் நிழல் எதுவரை வரும், செருப்பை எங்கே விடலாம், இவ்வளவுதான். புதுமண்டபத்தில் யாளியின் வாயில் தையல்காரர் இஞ்சு டேப்பைத் தொங்கவிட்டிருந்தார். என் முதல் கால்சட்டை அங்கேதான் தைத்தது. தையல்காரர் முகம் நினைவிருக்கிறது, யாளி இருந்ததே நினைவில்லை. வெர்னர் அந்தக் கல்லைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, தாங்கள் எதன்மேல் சாய்ந்திருக்கிறோம் என்பது இந்த ஊரில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். இங்கே யாருக்கும் நேரமில்லை என்றேன். அப்படிச் சொன்ன நான்தான் அங்கே யாளிக்குத் தோள் கொடுத்துக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை அவர் நாயக்கர் மகாலைப் பார்க்க வேண்டும் என்றார். அந்த இடத்தில் கால் வைப்பதில்லை என்று நான் சபதம் செய்திருப்பது தங்களுக்குத் தெரியும். அவருக்கு அது மகால். எனக்கு அது ஜில்லா கோர்ட். அப்பா உயிலில் வீட்டின் முன்பாதியை அக்காளுக்கும் பின்பாதியை எனக்கும் எழுதிவைத்தார், என் பாதிக்குப் போக வழி எழுத மறந்தார். தங்கள் கூடத்தின் வழியாக நான் நடக்கக் கூடாது என்று தாங்கள் வழக்குப் போட்டீர்கள். எதிர்க்கட்சியே அந்தக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தால் என்ன ஆகும்? பக்கத்துச் சந்து வழியாகப் போகலாம் என்று தீர்ப்பாயிற்று. மனிதன் பக்கவாட்டில் நடந்தால்தான் கொள்ளும் சந்து அது. விஜயகுமாரி எப்படி நடந்தாலும் கொள்ளாது. அன்றைக்கு ஊரை விட்டு வந்தவன்தான்.

இப்போது கோர்ட் வேறிடம் போய்விட்டது, டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். வெர்னர் கூடத்தின் நடுவே நின்று, இதன் சரித்திரத்தைச் சொல்லுங்கள் என்றார். திருமலை நாயக்கர், பட்டத்துக்கு வந்த வருஷம், மகால் கட்டிய வருஷம் 1636 என்று பாடப்புத்தகத்தை ஒப்பித்தேன். பி.ஏ.யில் முதல் வகுப்பு என்று காட்டுவதற்காக, அதே காலத்தில் உங்கள் நாட்டில் முப்பதாண்டுப் போர் நடந்ததே, அதன் காரணங்கள் இன்னின்ன என்று அதையும் ஒப்பித்தேன். அவர், அந்தப் போரில்தான் தன்னுடைய சின்ன ஊர் எரிந்து போனதாகவும், பழைய தேவாலயத்தின் ஒரு சுவர் மட்டும் நிற்பதாகவும் சொன்னார். "நாங்கள் எரித்துக்கொண்டிருந்த வருஷத்தில் நீங்கள் இதை நிமிர்த்திக்கொண்டிருந்தீர்களா" என்றார். இரண்டு வருஷங்களையும் இரண்டு பரீட்சைகளுக்காக மனப்பாடம் செய்தவன் நான், மச்சான். ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்கத் தோன்றியதில்லை. அப்போதுதான் நானும் நிமிர்ந்து பார்த்தேன். மேலே அவ்வளவு வேலைப்பாடு இருக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா வந்து நின்ற காலத்தில் ஜட்ஜின் வாயைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

அவர் அத்தோடு விட்டிருக்கலாம். இந்த இடத்தில் என்ன நடக்கும், அந்த இடத்தில் யார் உட்காருவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். பாடப்புத்தகத்தில் அது இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இங்கே ஜட்ஜ் உட்கார்ந்தார், இந்தத் தூணில் சாய்ந்து எதிர்க்கட்சி பொடி போட்டது, அந்த வளைவுக்குக் கீழே நான் நின்றேன், இன்ன இடத்தில் என் வக்கீல் தூங்கினார் என்று சொல்லச் சொல்ல, பதினாறு வருஷமாக நெஞ்சில் கிடந்தது ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. தமிழில் சொன்னால் சண்டையாகத் தெரிவது ஆங்கிலத்தில் சரித்திரமாகத் தெரிகிறது. மகனுக்கும் மருமகனுக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்த மாளிகை, வழி மறுக்கப்பட்ட வாரிசு, ஊரை விட்டுப் போன இளவரசன் என்று அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். எந்த நூற்றாண்டு என்று கேட்டார். இந்த நூற்றாண்டுதான் என்றேன். அந்தச் சந்து இன்னும் இருக்கிறதா என்றார். நடந்து போகிற தூரம்தான் என்று என் வாய் சொல்லிவிட்டது.

அதற்கு முன் ஒரு தகராறு. அவருக்கு ஒரு தூணின் சுற்றளவு தெரிய வேண்டும். பையிலிருந்து டேப்பை எடுத்ததும் வாட்ச்மேன் ஓடி வந்தார். "டேப்பெல்லாம் வச்சு அளக்கக் கூடாது சார், அதுக்கு ஆர்டர் வாங்கணும்." வெறும் தூணைத்தான் அளக்கிறார் என்றேன். "கட்டிப்பிடிச்சு அளந்துக்கங்க, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எல்லாம் அப்பிடித்தான் அளக்குதுங்க. அதுக்குத் தடையில்ல." நானும் வெர்னரும் ஆளுக்கொரு பக்கம் கட்டிப்பிடித்தோம். ஒரு பக்கம் விரல் தொட்டது, மறுபக்கம் தொடவில்லை. இன்னொரு ஆள் அளவுக்கு இடைவெளி. வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். டியூட்டியில் இருக்கும்போது கட்டிப்பிடிக்கக் கூடாதாம். வெர்னர் முகம் தொங்கிவிட்டது. இயந்திரத்தில் ஒரு ஆணி குறைந்தால்கூட அன்றைக்குச் சாப்பிட மாட்டார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

சரி, சந்துக்கு வருகிறேன். தூரத்தில் நின்று காட்டிவிட்டுத் திரும்புவதுதான் என் திட்டம் என்று சத்தியம் செய்கிறேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தவர், தொப்பியை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் நுழைந்துவிட்டார், நானும் பின்னாலேயே நுழைந்தேன். கோர்ட் அளந்த சந்து. அந்த அளவுக்கு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார். ஆனால் பாதி தூரத்தில், தீர்ப்புக்குப் பிறகு, யாரையும் கேட்காமல், தங்கள் குளியலறையிலிருந்து ஒரு குழாயை இறக்கியிருக்கிறீர்கள். அங்கே மாட்டிக்கொண்டார். முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குழாயைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. இது கோர்ட் அவமதிப்பு, இது கோர்ட் அவமதிப்பு என்று கத்திக்கொண்டிருந்தேன். குளியலறை ஜன்னல் திறந்தது. அக்காள் எட்டிப் பார்த்தாள்.

"யார்ரா அது, செவசெவன்னு?"

"நான்தாங்க்கா" என்றேன்.

"நீயாடா? நீ எங்க இருக்க?"

"அவருக்குப் பின்னாடி."

"வாசல் வழியா வந்தா என்னடா? அங்க என்ன மொதலையா வாயத் தொறந்துக்கிட்டுக் கெடக்கு?" என்றாள். இதுதான் பதினாறு வருஷத்துக்குப் பிறகு எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு. நடுவில் ஒரு ஜெர்மன்காரர். அதற்குள் தாங்கள் பனியனோடு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள். "மாப்ள, கத்தாம அவரு இடுப்பப் புடி. நான் கொழாயக் கழட்டுறேன், கழண்டதும் இழு" என்றீர்கள். அதன் பிறகுதான் கோர்ட் அவமதிப்பைப் பற்றி நான் நிறுத்தினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சட்டம் பேச முடியாது. குழாயை இதற்குள் திரும்ப மாட்டியிருப்பீர்கள். மாட்டாமல் இருந்தால் குளிப்பதற்கு என்ன செய்கிறீர்கள் என்று தெரியவில்லை. எனக்கு அதில் அக்கறையும் இல்லை.

சட்டை கிழிந்து, முதுகெல்லாம் காரை அப்பிய ஒரு விருந்தாளியைச் சந்து வழியாகக் கூட்டிப் போக முடியாது என்பதால் மட்டுமே நான் தங்கள் கூடத்தின் வழியாக நடந்தேன். இதை முன்னுதாரணமாக எந்தக் கோர்ட்டிலும் காட்டக் கூடாது. அக்காள் காபி கொண்டுவந்தாள். என் டம்ளரில் சர்க்கரை போட்டிருக்கவில்லை. நான் சர்க்கரை நோய்க்காரன் என்று அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "விஜயகுமாரிதான். மாசாமாசம் எனக்கு எழுதுவாளே, உனக்குத் தெரியாதா?" என்றாள். தெரியாது. என் வீட்டுக்குள்ளேயே எனக்கு ஒரு சந்துதான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பாப்பாவைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அக்காளின் இடுப்பில் இருந்தவள் இப்போது என் தோளுக்கு வருகிறாள். வெர்னரிடம் தடங்கலில்லாமல் இங்கிலீஷ் பேசினாள், முதுகுக்கு மஞ்சள் குழைத்துக் கொடுத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, ரஸ்தாளிப் பழம், நடுவில் கல்யாணப் பத்திரிகை எல்லாம் வைத்து எடுத்து வந்தாள். நான் எழுந்து நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அதை ஜெர்மன்காரரிடம் நீட்டினாள். மச்சான், தாய்மாமனுக்கு புக் போஸ்ட்டு, எந்த ஊரோ ஒரு இயந்திரக்காரருக்குத் தாம்பாளம். கேட்டேவிட்டேன். "நேர்ல வந்தா நீ கதவத் தொறப்பியா, மாப்ள?" என்றீர்கள். "வந்து பார்த்திருக்கணும்" என்றேன். "தொறக்காட்டி நான் எங்க போய் நிக்கிறது? அந்த ஊர்ல எனக்குச் சந்து கூட இல்லையே" என்றீர்கள். அக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, புரையேறியது, அவ்வளவுதான். பாப்பா என்னைப் பார்த்து, "மாமா, சண்டை உங்களுக்கும் அப்பாவுக்கும். மாலை விழவேண்டியது என் கழுத்துல" என்றாள். வெர்னரிடம் திரும்பி, நீங்கள் கட்டாயம் வரவேண்டும், வழி தெரியாதென்றால் இவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள். அவர் சட்டென்று என் கையைப் பிடித்துச் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வக்கீல் குமாஸ்தா பெற்ற பெண் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தூணைக் கட்டிப்பிடிக்க மூன்றாவது ஆள் கிடைத்துவிட்டார் என்று வெர்னருக்கு அதற்குள் தோன்றிவிட்டது. தங்களை விடவில்லை. சாயங்காலம் மூன்று பேருமாக மறுபடி மகாலுக்குப் போய், தாங்கள் சாய்ந்து பொடி போட்ட அதே தூணைச் சுற்றி நின்றோம். கன்னத்தைக் காரையில் வைத்துக் கட்டிப்பிடித்தால் எதிரே இருப்பவர் முகம் தெரியாது. ஒரு கையில் வெர்னரின் விரல் பட்டது. இன்னொரு கையைத் தூணோடு தேய்த்துக்கொண்டே நீட்டினேன். பொடிக்கறை பிடித்த விரல் ஒன்று வந்து பிடித்தது. அப்புறம் ஒரு தும்மல். அந்தத் தும்மல் கூடம் முழுவதும் சுற்றி வந்ததே, கேட்டீர்களா? புறாவெல்லாம் எழும்பிப் பறந்தன. மூன்று ஆள் அணைப்பு என்று வெர்னர் உரக்கச் சொல்லி, கையை விட்டுவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார். நானும் உடனே விட்டுவிட்டேன். தாங்கள்தான் கொஞ்ச நேரம் விடவில்லை. வயதாகிவிட்டது, பிடிமானத்துக்காக இருக்கலாம். "முப்பது வருஷம் இதுல சாஞ்சு உக்காந்துருக்கேன் மாப்ள, மேல என்ன இருக்குன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று தூணுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னீர்கள். நானும் இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. இருட்டிய பிறகு ஒலியும் ஒளியும் காட்டினார்கள். ராஜா, மந்திரி, குதிரைக் குளம்பு எல்லாம் கேட்டது. நம் கேஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெர்னர் என் காதில், முக்கியமான பகுதியை விட்டுவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார்.

ஊர் திரும்பியதிலிருந்து ஒன்று தோன்றிக்கொண்டிருக்கிறது. இங்கே சுரங்கத்தில் பனைமர ஆழத்துக்கு மேல்மண்ணை வாரிக் கொட்டிய பிறகுதான் நிலக்கரி கண்ணுக்குத் தெரியும். அந்தக் கோர்ட்டும் மகாலுக்கு அப்படியொரு மேல்மண் போலிருக்கிறது. வாரிய பிறகுதான் அடியில் இருந்தது தெரிகிறது. இது கட்டடத்தைப் பற்றிய கருத்து. வேறெதற்கும் பொருந்தாது.

ஆகையால் முடிவாகச் சொல்வது. மாசி முகூர்த்தத்துக்கு நான் வருவது வெர்னர் கொடுத்த வாக்குக்காக, அவருக்கு மொழிபெயர்க்க மட்டுமே. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். மாலையைத் தொட மாட்டேன். எது காரம், எது காரமில்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருப்பதால் பந்தியில் உட்காருவேன், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அவர் இல்லையென்றால் நான் அந்த மண்டபத்தின் தெருவிலேயே காலெடுத்து வைக்க மாட்டேன் என்பதைத் தாங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அக்காளுக்கு என் நமஸ்காரம். பாப்பா குங்குமமும் பூவுமாக நூறு வருஷம் குறைவின்றி வாழட்டும். தங்களுக்குச் சட்டப்படி சேரவேண்டிய மரியாதை.

இப்படிக்கு,
பின்பாதிச் சொந்தக்காரன்,
கருணாகரன்

பின்குறிப்பு: இதை எழுதி உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். அதற்குள் வெர்னருக்கு அவர் ஊரிலிருந்து தந்தி வந்து, இன்று காலை சாமிக்கண்ணு அவரை மெட்ராஸ் விமானத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார். ஆகவே நான் மதுரைக்கு வர இருந்த ஒரே காரணமும் இல்லாமல் போயிற்று. நானும் விஜயகுமாரியும் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே வந்துவிடுகிறோம். பாப்பாவுக்கு எடுத்த சேலை மயில்கழுத்து நிறம். அக்காளிடம் மட்டும் சொல்லவும், பாப்பாவிடம் சொல்ல வேண்டாம். மாமன் மாலையை நானே பூ மார்க்கெட்டில் நின்று கட்டச் சொல்லி வாங்குவேன், யாரும் முந்திக்கொண்டு சொல்லிவைத்துவிடக் கூடாது. ஸ்டேஷனுக்குத் தாங்கள் வர வேண்டியதில்லை. வருவதாக இருந்தால் கடைசிப் பெட்டிக்கு அருகே நிற்கவும். சீர்த் தட்டுகள் நிறைய இருக்கின்றன, நான் ஒருவனாகத் தூக்க முடியாது.